சுவர் பக்கம் நிற்க ஒரு ஆள்

இது நடந்தது. ஓசூர் பக்கம் மத்திகிரியில் என் வீட்டுக்கு எதிர் வரிசை, மூன்றாவது வீட்டில் குடியிருந்த ரெக்ஸுக்கு நடந்தது. நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன். இடத்தையும் காட்டுகிறேன். ரெக்ஸ் என்னிடம் சொன்னதைச் சொன்ன வரிசையில் அப்படியே வைக்கிறேன். அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரெக்ஸ் நாசரேத் பக்கத்துப் பையன். வண்டி விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலைக்கு ஓசூர் வந்தவன். எஸ்லினும் அதே கம்பெனிதான். கன்வேயரில் வரும் விளக்குகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. முடி கனத்துக் கீறலைக்கூட விட மாட்டாள். அப்படி ஒரு கண். ரெக்ஸ் அனுப்பிய விளக்குகளை எல்லாம் இவள் திருப்பி அனுப்பி, சண்டை முற்றி, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. எங்கள் வரிசையில் யாருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டுமானாலும் எஸ்லினைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவி தமிழ்செல்வி அதையே சாக்காக வைத்து அங்கே போய் அரை நாள் பேசிவிட்டு வருவாள்.

ஒப்பந்தம் முடிந்து இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ரெக்ஸ் மூலையில் உட்காரவில்லை. வெயிலில் கிடந்து மஞ்சள் பூத்துப்போன கார் ஹெட்லைட்டுகளைத் தேய்த்துப் புதுசாக்கும் தொழிலை ஆரம்பித்தான். பைக்கின் பின்னால் ஒரு பெட்டி. அதில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர், பாலீஷ், ஒரு சின்ன மெஷின். வீட்டுக்கே போய்ச் செய்து கொடுப்பான்.

எஸ்லினும் கூடப் போவாள். தேய்த்து முடித்ததும் விளக்கைப் போட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே கறுப்பு டேப் ஒட்டுவாள். அதைப் பார்த்து ரெக்ஸ் விளக்கை இறக்குவான். மங்கல் போன விளக்கு சுள்ளென்று அடிக்கும் அல்லவா?

"எதுக்க வாறவன் கண்ணுல அடிக்கப்பிடாதுல்லா" என்பாள் எஸ்லின்.

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதே கீறல் பார்க்கிற வேலை. கண் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதை நம்பித்தான் ஊரில் வைத்திருக்கும் பிள்ளையை இங்கே கூட்டி வந்து பள்ளியில் சேர்க்கலாம் என்று இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திம்மராஜ் என்று ஒருவர் போன் செய்தார்.

"ஹெட்லைட்டு தேக்கறது நீதானப்பா?"

"ஆமா சார்."

"உன் வீட்டம்மாவும் கூட வருமாமே. சுவத்துகிட்ட நின்னு பாக்குமாமே."

"வருவா சார். டேப் ஒட்ட."

"கண்டிப்பா வரணும். தனியா வர்றதுன்னா வராத."

ரெக்ஸ் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் போல என்று சொல்லிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்படியே கிளம்பினார்கள். தளி ரோட்டில், ரோஜாப் பண்ணைகளின் பாலித்தீன் கூடாரங்களைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால் உள்ளே திரும்பும் மண் ரோடு. நல்ல உச்சி வெயில். வீடு தனியாக நின்றது. பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு வெளியே நல்ல நிழல் விழுந்திருந்தது. ஆனால் நாயும் கோழிகளும் அந்த நிழலை விட்டுவிட்டு வெயிலில் கிடந்தன. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நிழலுக்குள் மட்டும் ஒன்றும் வரவில்லை.

திம்மராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். வாட்டசாட்டமான ஆள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. ரெக்ஸை அவர் பார்க்கவே இல்லை. எஸ்லினைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்ல நிக்கப் போறது இந்தம்மாதானா?"

"ஆமா சார்."

"சரி."

வீட்டு ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண் ஆபரேஷன் செய்தவர்கள் போடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். பைக் சத்தம் நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் வீட்டுக்காரி. முனிலட்சுமி" என்றார் திம்மராஜ். "கண்ணு சரியில்ல. தெலுங்குதான் பேசும். கத்திக்கிட்டே இருக்கும், நீ கண்டுக்காத."

கொட்டகைக்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. டயர்கள் காற்றிறங்கி மண்ணில் உட்கார்ந்திருந்தன. காரின் முகம் உள்சுவரைப் பார்த்து இருந்தது. மற்ற மூன்று பக்கமும் தகரம், ஒட்டடை. அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

ரெக்ஸ் குந்தி உட்கார்ந்து விளக்கைப் பார்த்தான். நல்ல மஞ்சள். அடியில் ஒன்றும் தெரியாத அளவுக்குக் கெட்டியான மஞ்சள். வெயில்தான் இப்படி மஞ்சளாக்கும். கொட்டகைக்குள்ளேயே கிடக்கிற வண்டிக்கு எப்படி வந்தது?

கேட்கவில்லை. சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்து, தேய்க்க ஆரம்பித்தான்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

தேய்க்கும்போது முதலில் மஞ்சள் குழம்பு வரும். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெளுக்கும். அதுதான் கணக்கு. இது வெளுக்கவே இல்லை. துடைக்கத் துடைக்க மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. மஞ்சளுக்கு அடியில் கோடு கோடாக வேறு கீறல்கள் தெரிந்தன. வாட்டர் பேப்பர் கீறல்கள். ஒருவர் கை இல்லை. ஒன்று நேராகத் தேய்த்தது, ஒன்று வட்டமாகத் தேய்த்தது, ஒன்று இடது கைக்காரன் தேய்த்தது.

"இதுக்கு முன்னால யாரும் தேய்ச்சாவளா சார்?"

"வந்தாங்க. நாலஞ்சு பேரு." திம்மராஜ் தரையைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் தனியா வந்தானுங்க."

ரெக்ஸுக்குப் புரியவில்லை. இன்னொரு பேப்பரை எடுத்தான்.

அப்போதுதான் ஜன்னலில் இருந்து அந்தக் குரல் வந்தது.

"கண்ணு தெரவொத்து! அய்யா... கண்ணு தெரவொத்து!"

ரெக்ஸ் நிமிர்ந்தான். அவனுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒர்க் ஷாப் பக்கம் ஹெட்லைட்டைக் கண்ணு என்றுதான் சொல்வார்கள். மங்கல் எடுப்பதைக் கண்ணைத் திறக்கிறது என்பார்கள். கண்ணு... தெரவு... ஒத்து. அழுத்தித் துடைக்காமல் துணியால் ஒத்தி எடு என்று யோசனை சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான். கண் சரியில்லாத அம்மா. வேலை நடக்கிற சத்தத்தைக் கேட்டு ஆசையாகச் சொல்கிறாள்.

"சரிம்மா! ஒத்தித்தான் தொறக்கேன்!" என்று திருப்பிக் கத்தினான்.

எஸ்லின் சிரித்தாள். அவன் துணியை நனைத்து விளக்கின் மேல் மெல்ல ஒத்தி எடுத்தான்.

மஞ்சள் அப்படியே துணியோடு வந்துவிட்டது.

வீட்டில் சத்தம் நின்றது. ஒரு நிமிஷம். பிறகு ஜன்னல் கம்பியில் எதையோ மோதுகிற ஓசை.

தம்... தம்... தம்...

"அது தலையைத்தான் முட்டிக்கும்" என்றார் திம்மராஜ். "நீ வேலையப் பாரு."

ரெக்ஸ் விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பச்சைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்த பிளாஸ்டிக் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி ஒரு சூடு. கையை எடுத்தான். உள்பக்கம், காரின் மூக்கை ஒட்டிய ஓரத்தில், ஒரு சொட்டு நீர் திரண்டு மெதுவாக வழிந்தது. சீல் போயிருக்கும், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான்.

இன்னொரு விளக்கைப் பார்த்தான்.

அதிலும் அதே ஓரம். அதே சொட்டு.

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில் ரெக்ஸ் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவன். இரண்டு விளக்கையும் முடித்தான். விளக்குகளின் மேல் தூசி படாமல் காகிதம் ஒட்டி, ஓரமெல்லாம் துடைத்தான். எஸ்லின் கறுப்பு டேப்பைக் கிழித்து விரலில் ஒட்டிக்கொண்டு சுவர் பக்கம் போனாள்.

திம்மராஜ் ஷட்டரைக் கீழே இழுத்தார்.

கடகடகடவென்று இறங்கி, மண்ணில் மோதி நின்றது. நடுப்பகலில் கொட்டகை கும்மிருட்டு.

"எதுக்கு சார் முழுசா?"

"வெளிச்சம் தெரியணும்ல."

கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம். திம்மராஜ் உள்ளே ஏறிவிட்டார். ரெக்ஸ் முன் டயர் ஓரமாக நின்று, தடவித் தடவிக் காகிதத்தை உரித்தான். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக ஊசி வெளிச்சம். அதில் எஸ்லினின் முதுகு லேசாகத் தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்றாள்.

"நேரா நில்லு எஸ்லின். இன்னும் கொஞ்சம் நடுவுல."

"நிக்கேன். போடச் சொல்லுங்க."

ரெக்ஸ் காருக்குள் பார்த்தான்.

திம்மராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். இறுக்கமாக. இரண்டு முடிச்சு.

ரெக்ஸ் வாயைத் திறப்பதற்குள்...

டக்.

வெளிச்சம்.

அப்படி ஒரு வெள்ளையை அவன் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை. ஜன்னலில் மோதுகிற சத்தம் நின்றுபோனது. நாய் இரைக்கிற சத்தமும் நின்றது. எல்லாம் நின்றது.

சுவரில் எஸ்லினின் நிழல். இரண்டு விளக்கு, அதனால் இரண்டு நிழல். அது சரிதான்.

எஸ்லின் டேப் ஒட்டக் கையைத் தூக்கினாள்.

வலது நிழல் கையைத் தூக்கியது.

இடது நிழல் தூக்கவில்லை.

ரெக்ஸ் கண்ணைக் கசக்கினான்.

எஸ்லின் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறாள். அசையவில்லை. ஆனால் இடது நிழலின் தலை... மெதுவாக... திரும்பியது.

நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது. உதடு தெரிந்தது.

எஸ்லினின் மூக்கு இல்லை அது.

"எஸ்லின்..."

ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"எஸ்லின், வெளியே வா..."

அவள் திரும்பினாள்.

அவனைப் பார்க்கவில்லை.

விளக்கைப் பார்த்தாள். நேராக. இமைக்காமல்.

டக்.

இருட்டு.

திம்மராஜ் ஷட்டரைத் தூக்கினார். வெயில் உள்ளே வந்தது. எஸ்லின் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். விரலில் டேப் அப்படியே இருந்தது.

"அந்த ஆளு போயிட்டாவளா?" என்று கேட்டாள்.

"எந்த ஆளு?"

"எனக்குப் பின்னால நின்னாவள்லா... கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டு."

திம்மராஜ் அதற்குள் இரண்டு விளக்கின் மேலும் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். "வேலை முடிஞ்சுது. கெளம்புங்க" என்றார். ரெக்ஸ் பெட்டியைக்கூட ஒழுங்காக மூடவில்லை. வெளியே வரும்போது ஜன்னலில் யாரும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும் ஜன்னலுக்குக் கீழே மண்ணில் கிடந்தது. உள்ளே ஒரு பெண் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இரண்டு நாள் நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் எஸ்லின் கண்ணாடி முன்னால் நின்று, கண் ஓரத்தில் ஏதோ மஞ்சளாக இருக்கிறது என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு கண்ணையும் மூடிவிட்டது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார். காமாலை இல்லை, புரை இல்லை, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, மேலேதான் ஒரு படலம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். ரெக்ஸ் பார்த்திருந்தான். அந்த மஞ்சளை அவன் தன் கையாலேயே தேய்த்திருக்கிறான். போச்சம்பள்ளி வேலை போனது. ஊரில் பிள்ளை எப்போது வரலாம் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் எஸ்லின் தூக்கத்தில் பேசினாள். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரம்மா சரஸ்வதி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்பா, எஸ்லினுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"தெரியாதேக்கா."

"சுத்தமா பேசுதே. கண்ணு தெரவொத்து, கண்ணு தெரவொத்துங்குதே."

"ஒத்தி எடுக்கச் சொல்லுதா, அக்கா."

சரஸ்வதி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு சொன்னா? தெரவொத்துன்னா தொறக்காதன்னு அர்த்தம். கண்ணைத் தொறக்காத. தொறக்காத."

ரெக்ஸ் நடந்ததைச் சொன்னான். சரஸ்வதி தலையில் கை வைத்துக்கொண்டார். "கோயில்ல புதுச் சாமிக்குக் கண்ணு தொறக்கறப்போ எதிர்ல யாரும் நிக்க மாட்டாங்கப்பா. கண்ணாடியோ கன்னுக்குட்டியோதான் காட்டுவாங்க. முதப் பார்வை ஆகாது. சாமிக்கே அப்படின்னா... நீ பொண்டாட்டியக் கொண்டுபோயி நிறுத்தியிருக்கியே."

ரெக்ஸ் அன்றைக்கே தளி ரோட்டுக்குப் போனான். வாசலில் முனிலட்சுமி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. நெற்றியில் காய்ந்த காயம். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவனைப் பார்த்ததும் முறம் கை நழுவியது.

"நேனு செப்பினானே சாமி..." என்று அழுதாள். தெலுங்கும் தமிழுமாக வந்தது. "சொன்னேனே. தெரவொத்துன்னு எத்தனை தடவை சொன்னேன். நானும் அந்தச் சுவத்துலதான் நின்னேன். எனக்கு முன்னாடி அவரு தங்கச்சி நின்னுச்சு."

"நான் நிக்கேன்மா. அவளுக்குப் பதிலா நான் நிக்கேன்."

"அந்த விளக்குல கை வெச்சவங்கள அது பாக்காது, சாமி."

உள்ளேயிருந்து திம்மராஜ் வந்தார். ரெக்ஸ் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் தடுக்கவில்லை. மடியில் இருந்து கார் சாவியை எடுத்து அவன் காலடியில் போட்டார். "வண்டிய எடுத்துட்டுப் போ. எனக்கு முடிஞ்சுது. உனக்கு இனிமேதான்" என்றார். கொட்டகை திறந்திருந்தது. சாக்கு விலகிக் கிடந்தது. புதுசாக்கிய விளக்குகள் அதற்குள் பழையபடி மஞ்சளாகியிருந்தன.

இவ்வளவும் ரெக்ஸ் என் வீட்டில் உட்கார்ந்து சொன்னது.

"சாவியை எடுத்தியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குண்ணே எடுக்கப் போறேன்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன். எதிர் வரிசை மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். தமிழ்செல்வி அடுப்படியில் இருந்தாள்.

"எஸ்லினுக்குக் கண்ணு சரியாயிடுச்சுங்க" என்றாள் சந்தோஷமாக. "போறப்ப நல்லாப் பாத்தா. என்னைக் கட்டிக்கிட்டு அப்படி ஒரு அழுகை."

"எப்படிச் சரியாச்சு?"

"தெரியலை. காலைல ரெக்ஸ் தம்பி வந்து, மாட்டுப்பண்ணை ரோட்டு குடோன்ல கட்டி இழுத்துட்டு வந்த பழைய வெள்ளை வண்டி ஒண்ணு நிக்குது, அஞ்சு நிமிஷம் வந்து சுவர் பக்கம் நிக்க முடியுமாக்கான்னு கேட்டுச்சு. எஸ்லினால நிக்க முடியாதில்ல, பாவம்னு போனேன்."

கையில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"எஸ்லினும் வந்திருந்தா. ரெக்ஸ் தம்பி அவளை வெளியவே உட்கார வெச்சிடுச்சு. அங்கேருந்து என்னமோ தெலுங்குல கத்திக்கிட்டே இருந்தா. எப்பக் கத்துக்கிட்டாளோ. கண்ணை ஒத்திக்கச் சொல்றா போலன்னு நானும் முந்தானையால ஒத்திக்கிட்டேன்..."

அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, என் பின்னாடி நின்னாரே ஒருத்தர், அவரும் உங்ககூட வந்துட்டாரா?"

ஜன்னல் மேடையில் ஒரு கார் சாவி இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கண் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. இப்போது முழுதாக மூடிவிட்டது. நானே நின்றிருப்பேன். ஆனால் சாவியைப் பார்த்த அன்றைக்கே குடோனுக்கு ஓடி, புத்தி கெட்டு, அந்த விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். சூடாக இருந்தது. இனி அது என்னைப் பார்க்காது.

தேய்க்கப் பழகிக்கொண்டேன். வாட்டர் பேப்பர் வாங்கியாயிற்று. குடோன் சுவருக்கு நேற்றுச் சுண்ணாம்பு அடித்தேன்.

நம்பியவர்கள் வர வேண்டாம். நம்பாதவர்களைத்தான் கூப்பிடுகிறேன். மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஒரு போன் செய்யுங்கள், நானே வந்து கூட்டிப் போகிறேன். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. சுவர் பக்கம் ஐந்து நிமிஷம் நின்றால் போதும்.

டீ குடிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி ஏதாவது கத்தினால், நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.